மீண்டும் முதற்பாடம்



சவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் மார்கழி விடியலில் புல்நுனியில் பனித்துளி நிற்கும். கதிரவன் ஏறியதும் மறைந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த பனி அவ்வளவே. அத்தகைய இடத்தில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பனிச்சறுக்கைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். என் பழைய மாணாக்கர் ஒருவர் சொன்ன செய்தியே இதற்குக் காரணம்.

அவர் இம்மலையில் பிறந்தவர். இராணுவத்தில் சேர்ந்து, காஷ்மீரத்தின் குல்மார்க்கில் சில குளிர்காலங்களைக் கழித்தவர். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்தில் அவர் முதலில் கற்றது சரிவில் இறங்கும் சறுக்கு. அதற்குரிய காலணி கடினமானது. சறுக்குக் கட்டை அகன்றது. கட்டையின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு உண்டு. குதிகால் கட்டையோடு பூட்டப்பட்டிருக்கும். சரிவே ஆளைக் கீழே கொண்டு செல்லும். விளிம்பைப் பனியில் அழுத்தித் திரும்பவும் நிற்கவும் பழகுவதே அதன் வித்தை. அதில் அவர் தேர்ச்சி பெற்றார்.

பிறகு ஒருநாள், ‘கிராஸ் கன்ட்ரி’ எனப்படும் நெடுந்தூரச் சறுக்குக்கான கட்டைகளை அவரிடம் தந்தார்கள். அவை ஒடுங்கியவை, இலேசானவை; எஃகு விளிம்பு இல்லாதவை. காலின் முன்பகுதி மட்டும் கட்டையில் பொருந்தியிருக்கும்; குதிகால் எழும்பும். சமதரையிலும் மேட்டிலும் தம் வலிமையாலேயே முன்னேற வேண்டும். சரிவிலே பறந்தவருக்குச் சமதரை எம்மாத்திரம் என்று எண்ணி அவர் புறப்பட்டார்.

“சமதரையிலேயே விழுந்தேன், ஐயா” என்றார் அவர், என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து. சிறு இறக்கம் வந்தபோது பழைய வழக்கப்படி விளிம்பை அழுத்தினாராம். அழுத்த விளிம்பு இல்லை. இரு கால்களிலும் ஒருசேர ஊன்றி நின்றாராம்; கட்டை பின்னுக்கு வழுக்கியது. அன்றுதான் பனியைக் கண்ட புதியவர்கள்கூட அவரைத் தாண்டிச் சென்றார்கள்.

ஏன் வழுக்கியது? இக்கட்டையின் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன் அடியில் பற்றுமெழுகு பூசுவார்கள். உடலின் முழு எடையும் ஒரு காலில் இறங்கினால்தான் அந்த நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பற்றும். உந்திச் செல்ல இயலும். எடையை இரு கால்களுக்கும் பகிர்ந்தால் கட்டை பற்றாது, வழுக்கும். பயிற்சியாளர் இதை விளக்கியதும் அவருக்கு நினைவுக்கு வந்தது குல்மார்க்கின் சரிவன்று. சிறுவயதில் சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிய எங்கள் மலைப்பாதை. மூட்டையோடு ஏறுபவன் முன்காலில் முழுப்பாரத்தையும் இறக்கிய பின்னரே பின்காலை எடுப்பான். அந்த நடையை நினைத்துக்கொண்டு கால்வைத்தபோது கட்டை பற்றியது என்றார்.

ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்த பாடம் ஒன்று உண்டு. ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கு எந்த அளவு உதவும் என்பதைத் தார்ண்டைக், உட்வொர்த் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஆராய்ந்து 1901-இல் வெளியிட்டனர். இரண்டிலும் பொதுவான கூறுகள் எந்த அளவு உள்ளனவோ அந்த அளவே உதவும் என்பது அவர்கள் முடிவு. சறுக்கு என்னும் பெயர் இரண்டுக்கும் பொது. ஆயினும் அவருக்குக் கைகொடுத்தது சறுக்கு என்னும் பெயரே இல்லாத சுமைநடை.

இவ்விரண்டில் நெடுந்தூரச் சறுக்கே மூத்தது. நார்வே நாட்டு நான்சென் 1888-இல் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்தது சறுக்குக் கட்டைகளின் துணையால்தான். 1924-இல் சாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே நெடுந்தூரச் சறுக்கு இடம்பெற்றது. சரிவுச் சறுக்கோ 1936-இல்தான் நுழைந்தது. நம் நாட்டின் சார்பில் 1964-இல் இன்ஸ்புரூக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்ட ஜெரமி புஜாகோவ்ஸ்கி சரிவுச் சறுக்கு வீரர். நெடுந்தூரத்தில் 2010-இல் தாஷி லுண்டுப், 2014-இல் நதீம் இக்பால், 2018-இல் ஜகதீஷ் சிங் ஆகியோர் போட்டியிட்டனர். ஜகதீஷ் சிங் 15 கிலோமீட்டரை ஏறத்தாழ 43 நிமிடங்களில் கடந்து 103-ஆம் இடம் பெற்றார். அதே தூரத்தை எங்கள் மலைப்பாதையில் நடக்க ஒரு முற்பகல் வேண்டும்.

மாணவர்களே, இனி என் கதைக்கு வருகிறேன். பல்லாண்டு சமவெளியில் பணிபுரிந்து, நல்லாசிரியன் என்ற எண்ணத்தோடு மலைப்பள்ளி ஒன்றுக்கு வந்தவன் நான். கணக்குப் பாடத்தில் வாய் திறவாத சிறுவன் ஒருவன் இருந்தான். சமவெளியில் பயன்பட்ட முறைகளையே மேலும் உரக்கவும் மேலும் கடுமையாகவும் கையாண்டேன். அவன் மேலும் ஊமையானான். ‘படிப்பு ஏறாது’ என்று அவன் தந்தையிடம் சொல்லிப் பள்ளியை விட்டு நிறுத்திக்கொள்ளச் சொல்வதென்று முடிவுசெய்து, ஒரு மாலை அவர்களுடைய களத்துக்குச் சென்றேன். அங்கே அச்சிறுவன் படியால் சாமை அளந்து, நான்கு பங்காளிகளுக்கும் உரிய பங்கை, மிச்சம் உட்பட, பிழையின்றி வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன். மறுநாள் வகுப்புக்கு ஒரு படியும் ஒரு கூடைச் சாமையும் கொண்டுபோனேன். அளக்கத் தெரியாமல் நான் தடுமாற, பிள்ளைகள் நகைத்தனர். அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்து அளக்கக் கற்றுக்கொடுத்தான். திண்ணையில் அமர்ந்து பனியில் விழுந்த கதையைச் சொன்னவர் அவரே.

அந்த மாலை களத்துக்குப் போகாமல் ஆளனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. நீங்கள் நாளை புதிய கல்லூரிக்கும் புதிய தொழிலுக்கும் செல்வீர்கள். முன்பு பெற்ற பரிசுகள் அங்கே உங்களைக் காவாமல் போகலாம். அப்போது சமதரையில் விழ நாணாதீர்கள். உங்கள் வீட்டிலும் வயலிலும் நீங்கள் பழகியவற்றுள் எது கைகொடுக்கும் என்று பொறுமையாகத் தேடிப் பாருங்கள்.