வார்டில் பிறக்கும் கேள்வி



எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொரு டாக்டரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். கல்லூரியில் அதை ‘தீசிஸ்’ என்பார்கள். அது எப்படி உருவாகிறது என்பதைப் பொதுமக்களாகிய நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் உங்களைப் போன்ற ஒருவருடைய உடம்பு.

மாணவர் சேர்ந்த சில மாதங்களிலேயே தீசிஸுக்கு டாப்பிக் கொடு என்கிறோம். அந்தப் பிள்ளைக்கோ இரவும் பகலும் வார்டு. நூலகத்தில் பழைய தீசிஸைப் புரட்டி, சீனியர் செய்ததையே கொஞ்சம் மாற்றி எழுதிக் கொடுக்கிறது. வழிகாட்டும் ஆசிரியரான கைடு கையெழுத்துப் போடுகிறார். பிறகு இரண்டு வருடம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கடைசி வருடம் வந்ததும் கேஸ் ஷீட் தேடி ரெக்கார்டு அறைக்கு ஓட்டம், மாஸ்டர் சார்ட்டை நிரப்பிப் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, “முடிவு தேறும்படி பி வேல்யூ வந்துவிடுமா சார்?” என்று காத்திருப்பு. பிள்ளைகளைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுக்காததால் என்ன ஆகும்? ஒரு மருந்தை நூறு பேருக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் திரும்பி வரவே இல்லை. வந்த எழுபது பேரில் அறுபத்து மூன்று பேருக்குக் குணம். வராதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 90 சதவீத வெற்றி! நூறு பேரையும் வைத்துப் பார்த்தால், குணமானது உறுதியாகத் தெரிவது 63 சதவீதம்தான். அந்த முப்பது பேர் எங்கே போனார்கள்? பஸ்ஸுக்குக் காசில்லையா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, இறந்தே போனார்களா? இதைக் கேட்கப் பழகாத டாக்டர், நாளை மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி நீட்டும் பளபளப்பான தாளையும் அப்படியே நம்புவார். அதை நம்பி எழுதிய மருந்துச்சீட்டு உங்கள் கைக்கு வரும்.

சரியாகக் கேட்ட ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு, 1956-இல் நம் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? அன்று காசநோய் என்றால் சானடோரியம் என்ற தங்கும் மருத்துவமனைதான். ஏழைகளுக்கோ அங்கே படுக்கை கிடைப்பது அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. பொறுப்பேற்றவர் வாலஸ் ஃபாக்ஸ். கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: சானடோரியத்தில் கொடுக்கும் அதே மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதாதா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். மாத்திரை உள்ளே போகிறதா என்று அறிய, முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கே போய்ச் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டிலோ நெருக்கடியும் அரைவயிறும். ஆனாலும் ஓராண்டு முடிவில் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு! வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு அந்தச் சென்னை ஆய்வு பெருங்காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்று முதுநிலை மாணவர்கள் ஆராய்ச்சி முறைகள் குறித்த இணையவழிப் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதை நடத்துவதும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமே. வரவேற்கிறேன். ஆனால் வீடியோ பார்த்துத் தேர்வெழுதினால் மட்டும் கேள்வி கேட்க வந்துவிடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். ‘சர்க்கரை நோயாளிகளின் கால்புண் பற்றிய ஓர் ஆய்வு’ என்று ஒரு மாணவி எழுதி வந்தால், ஆசிரியர் கேட்கட்டும்: எந்த நோயாளி, அம்மா? யாரோடு ஒப்பிடுகிறாய்? எதை அளக்கிறாய், எத்தனையாவது வாரத்தில்? அவள் வார்டுக்குத் திரும்பிப் போவாள், கட்டு மாற்றும்போது நோயாளியிடம் பேசுவாள். அடுத்த வாரம் வேறொரு தாள் வரும்: ‘முதன்முறை கால்புண்ணோடு வருபவர்களில், வெறுங்காலோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் புண் ஆறுவது குறைகிறதா?’ இதற்கு விடை உண்டு. அந்த விடையால் ஒரு கால் தப்பிக்கலாம்.

ஆசிரியப் பெருமக்களே, முதலாண்டு மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் டூட்டி பட்டியலிலேயே இருக்கட்டும். முறையைக் கற்றுக்கொடுத்த பிறகு டாப்பிக் கேளுங்கள். முடிவு ‘ஒன்றும் வித்தியாசம் இல்லை’ என்று வந்தாலும் அதை அப்படியே எழுதவிடுங்கள். பொதுமக்களே, ஒப்புதல் படிவத்தோடு ஓர் இளம் டாக்டர் உங்கள் கட்டிலருகே வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் “இதில் என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள், டாக்டர்?” என்று கேளுங்கள்.