தவணை பேசிய பிறகு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கடன் வாங்குவதன் தீமையைப் பற்றி இந்த மிம்பரில் பலமுறை பேசியாயிற்று. வட்டியின் கொடுமையும் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் கடனில் மூழ்கிய ஒருவர், கொடுத்தவர்களோடு உட்கார்ந்து தவணை ஒப்புக்கொண்ட பிறகு அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிய வேண்டும் என்பதை நாம் பேசுவதில்லை. பஞ்சாயத்து முடிந்ததும் தேநீர் அருந்திவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அந்த வீட்டாருக்குச் சிரமம் அன்றிரவுதான் தொடங்குகிறது.

ஸஹீஹுல் புகாரியில் வரும் நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலிலேயே கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளிவந்து, பாதியைத் தள்ளிவிடுமாறு கஅப் அவர்களுக்குக் கையால் சாடை காட்டினார்கள். அவர் உடனே இணங்கினார். அதன் பின் கடன்பட்டவரை நோக்கி, எழுந்து மீதியைச் செலுத்திவிடும்படி பணித்தார்கள். பாதி தள்ளுபடியானதை நாம் மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்கிறோம். அந்த இரண்டாவது கட்டளையை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. பழ வியாபாரத்தில் நட்டப்பட்டுக் கடன் பெருகிய ஒருவருக்கு உதவும்படி நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறினார்கள். சேர்ந்த தர்மம் கடனுக்குப் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கொடுக்க இயலாதவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் காட்டும் வழி.

இப்போது நமது ஆரணிக்கு வருவோம். ஒரு பஞ்சாயத்தில் நானும் இருந்தேன். தறி நெய்யும் சகோதரர் ஒருவர். மூன்று இடங்களில் கடன். மாதம் ஆறாயிரம் என்று பேசி முடித்து, தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கினோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் 282ஆம் வசனத்தைப் பேணிவிட்டோம் என்ற திருப்தி எனக்கு. நான்காம் மாதம் அவர் தவணை கட்டுவதற்காக நாலாவது ஓரிடத்தில் வட்டிக்கு வாங்கியது தெரியவந்தது.

குற்றம் அவருடையது மட்டுமன்று, எங்களுடையதும்தான். புடவை அறுத்துக் கொடுத்தால்தான் அவருக்குக் கூலி. புதுப் பாவு வரத் தாமதமானால் தறி சும்மா கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இழை ஈரம் பிடித்து வேலை பாதியாகும். மாதச் சம்பளக்காரருக்குப் பேசுவதைப் போல அவருக்குத் தேதி குறித்துவிட்டோம். அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தார் சுற்றிக் கொடுத்து அந்தத் தறியை ஓட வைப்பவரே அந்த அம்மையார்தாம். கடன் எவ்வளவு என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது!

மறுபடி உட்கார்ந்தோம். இம்முறை அவரும் இருந்தார். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் செலவை எழுதினார்: அரிசி, பால், மின்சாரம், பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து. கணவரின் டீக்கடைக் கணக்கைச் சொன்னபோது சபையில் தலைகுனிந்தவர் அவர் கணவர் மட்டுமல்லர். வீட்டுச் செலவு போக, ஒவ்வொரு புடவைக் கூலியிலும் மூன்றில் ஒரு பங்கு கடனுக்கு என்று மாற்றினோம். கூலி வந்த அன்றே அது தனியே எடுத்து வைக்கப்படுகிறது. மழைக்காலத்துக்கென்று சிறிது ஒதுக்குகிறார்கள். நாலாவது கடனில் அசலை அவரது மைத்துனர் அடைத்தார். மெதுவாகத்தான் குறைகிறது, ஆனால் புதிதாக எதுவும் ஏறவில்லை.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு சொல். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறிடம் வேலைக்குப் போகவிடாமல் கட்டிவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். குழுக் கடன் வாங்கிய நம் சகோதரிகளும் அறிந்துகொள்ளட்டும்: ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது; காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு நெருக்கக் கூடாது. வட்டி ஹராம் என்பதில் மாற்றமில்லை. அதில் சிக்கியவர் அவமதிக்கப்படலாம் என்று அதற்குப் பொருளில்லை.

தவணை கட்டும் வீட்டுக்குப் பெருநாள் வந்தால்தான் உண்மையான சோதனை. அண்டை வீட்டில் ஆடு கட்டியிருக்கும். கடனைக் கழித்தபின் நிஸாப் அளவு மிஞ்சாதவர் மீது குர்பானி கடமையில்லை. பிள்ளைகளுக்காக, ஊர் வாய்க்காகக் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படவும் வேண்டாம். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் கவசம், குடும்பத்துக்கு வாங்கிய முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்பதைத்தான் அவர்கள் அஞ்சினார்கள். தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால் முன்னாலேயே போய்ச் சொல்லுங்கள். கைப்பேசியை அணைத்து வைக்காதீர்கள்.

கடன் விரைவில் தீர வழியிருக்கிறது என்று வருபவரிடம் கவனம் வேண்டும். ஒரு இலட்சத்துக்கு மாதம் முப்பதாயிரம் வரை தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. நம் ஊரிலும் எத்தனை வீடுகளில் அதனால் அழுகை என்பது உங்களுக்கே தெரியும்.

ஜகாத் கடமையான செல்வந்தர்களே! ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒரு வகையினர். ரமளானில் வாசலில் நிற்பவருக்குச் சில்லறை கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள். தவணை கட்டும் ஒரு குடும்பத்தின் கடைசி ஐந்து தவணைகளை அடைத்துக் கொடுங்கள். பெயர் வெளியே வராது.

இன்று அஸருக்குப் பின் பள்ளிவாசல் அலுவலக அறையில் இருப்பேன். தவணை பேச விரும்புவோர் கடன் சீட்டுகளோடு, முடிந்தால் மனைவியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.