தகுதி பார்த்தாயிற்று, பொருத்தம் பார்த்தார்களா?

(தஞ்சாவூரில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீதிபதி நியமனம் டெல்லியில் முடிகிற சங்கதி, நமக்கென்ன என்று டெல்டாக்காரர்கள் சொல்ல முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதார்களைத் தண்டித்தது. சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தக் காரணம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நீதிபதியின் மனசில் இருந்தது.

அந்த மனசை யார் சோதிப்பது? அதுதான் கேள்வி.

2023 ஜனவரி 17 அன்று உச்சநீதிமன்ற கொலீஜியம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு எல்.விக்டோரியா கவுரியைப் பரிந்துரைத்தது. பாஜக மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். இஸ்லாமியர், கிறித்தவர் மீது அவர் வெறுப்பைப் பேசினார், எழுதினார் என்று 21 வழக்கறிஞர்கள் குற்றம்சாட்டிக் கடிதம் எழுதினார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. பிப்ரவரி 7 காலை, அங்கே விசாரணை நடக்கும்போதே இங்கே பதவியேற்பு முடிந்தது. மனு தள்ளுபடி. தகுதி உண்டா என்று நீதிமன்றம் பார்க்கலாம், பொருத்தமானவரா என்பதைப் பார்க்க முடியாது என்றார்கள். 2024-இல் அவர் நிரந்தர நீதிபதியும் ஆனார்.

அதே ஜனவரி 17 அன்று கொலீஜியம் இன்னொரு பெயரை இரண்டாம் முறையாக அனுப்பியது. வழக்கறிஞர் ஜான் சத்யன். அவர் மீது அரசு சொன்ன குறை இரண்டு பதிவுகள். ஒன்று, பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தது. மற்றொன்று, நீட்டால் உயிரிழந்த மாணவியைப் பற்றியது. யார் அந்த மாணவி? நம் பக்கத்து அரியலூர் மாவட்டம், குழுமூர் அனிதா. 1200-க்கு 1176 மதிப்பெண் வாங்கிய தலித் வீட்டுப் பிள்ளை. இந்தப் பதிவுகள் அவருடைய பொருத்தத்தைக் குறைக்காது என்று கொலீஜியமே எழுதியது. முன்னுரிமை கொடுங்கள் என்றும் கேட்டது. ஆணை வரவில்லை. மார்ச்சில் கவலை தெரிவித்தது. அதன் பிறகும் வரவில்லை.

ஆக, பொருத்தத்தை யாருமே பார்க்கவில்லை என்பது பொய். அரசு பார்க்கிறது. அனிதாவுக்காக வருந்தியவரை நிறுத்தி வைக்கிறது. சிறுபான்மையினரை இழிவாகப் பேசினார் என்று புகாருக்கு உள்ளானவருக்கு மூன்று வாரத்தில் கதவைத் திறக்கிறது.

"அரசியல் பின்னணி இருந்தால் நீதிபதி ஆகக் கூடாதா?" என்று கேட்பார்கள். தாராளமாக ஆகலாம். வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இருந்தவர்தான். கட்சி வேறு, ஒரு மக்கள் கூட்டத்தையே கீழானவர்களாகப் பார்ப்பது வேறு. தஞ்சாவூர்க்காரரின் வழக்கு மதுரைக் கிளைக்குத்தான் போகிறது. அங்கே நிற்கிற ஒரு இஸ்லாமியருக்கோ கிறித்தவருக்கோ, என் பேச்சு எடுபடுமா என்ற சந்தேகம் வந்தாலே நீதி பாதி செத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடஒதுக்கீடு என்றதும் "தகுதி, திறமை என்னாவது?" என்று நம்மிடம் கேட்பவர்கள், இங்கே பத்தாண்டு வழக்கறிஞர் தொழில் இருந்தால் போதும் என்கிறார்கள். 2018 முதல் 2022 வரை நியமிக்கப்பட்ட 537 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பொதுப் பிரிவினர் 79 சதவீதம். பட்டியல் சாதியினர் 2.8 சதவீதம்.

ஒருவர் நீதிபதியாக உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது லேசல்ல. நாடாளுமன்றம் இதுவரை ஒரு நீதிபதியைக்கூடப் பதவிநீக்கம் செய்து முடித்ததில்லை. வாசலிலேயே கேட்டால்தான் உண்டு. பெயர் முடிவாகும் முன்பே புகார்களை வெளிப்படையாக விசாரியுங்கள். திருப்பி அனுப்பிய பெயரைக் கிடப்பில் போடாதீர்கள். சமூகப் பிரதிநிதித்துவத்தைக் கட்டாயமாக்குங்கள். இவை நம் கோரிக்கைகள்.

சட்டம் படிக்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த பெயர்ப்பட்டியல் வரும்போது ஒவ்வொரு பெயரையும் படியுங்கள், விசாரியுங்கள், எழுதுங்கள்.