தகரப் பெட்டிக்குள் ஒரு தபால்தலை

நம்மில் பலருடைய வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய தகரப் பெட்டி கிடக்கும். தாத்தா ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்த பெட்டியாகவும் அது இருக்கலாம். உள்ளே பிறப்புப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, ஊரிலிருந்து வந்த கடிதக் கட்டு. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலி செய்யும் நாளில், முதலில் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போவது அந்தக் கடிதக் கட்டுதான். அந்தக் கட்டின் மேலிருக்கும் தபால்தலைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தபால்தலை சேர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ்டவுனில் லோரோங் குலிட் பழஞ்சாமான் சந்தைக்குக் காலையில் போனால், பழைய நாணயங்களுக்கும் ஓட்டை ரேடியோவுக்கும் நடுவில் தபால்தலைகளையும் கடித உறைகளையும் பரப்பி வைத்திருப்பார்கள். அவற்றில் சில நம்மைப் போன்ற குடும்பங்களின் பெட்டியிலிருந்து போனவை.

ஒரு தலைக்கு விலை எதனால் வருகிறது? பழசானால் விலை என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களைச் சூயிங்கம்மோடு சேர்த்து விற்றார்கள். பிள்ளைகள் அவற்றைச் சேர்த்தார்கள். மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரின் 1952ஆம் ஆண்டுப் பட அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதே அட்டை இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. ஆனால் மூலை மழுங்காமல், படம் நடுவிலிருந்து விலகாமல், பத்துக்கு ஒன்பதரைப் புள்ளி பெறும் நிலையில் இருப்பது மிகமிக அபூர்வம். விலை கொடுத்தது அந்த நிலைக்குத்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பிரிட்டிஷ் கயானா 1856இல் வெளியிட்ட ஒரு சென்ட் தலை, உலகில் ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டிருக்கிறது. யாரோ அதன் நான்கு மூலைகளையும் கத்தரித்துவிட்டார்கள்; பார்ப்பதற்கு அழுக்கான ஒரு சிவப்புத் துண்டு. 2014இல் அது ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்குப் போயிற்று. ஒன்றே ஒன்று என்றால் குறை மன்னிக்கப்படும். ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருப்பது என்றால் குறைதான் விலையைத் தீர்மானிக்கும். நம் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே நாம் கெடுத்தால் கெட்டதுதான்.

பினாங்கின் கதைக்கு வருவோம். 1854 முதல் இங்கே இந்தியத் தபால்தலைகளே புழங்கின. அப்போது பினாங்கு கல்கத்தாவின் ஆட்சியில் இருந்தது. ஆகவே பழைய இந்தியத் தலை ஒன்றின்மேல் 'பி 147' என்ற முத்திரை இருந்தால் அது பினாங்கில் அஞ்சல் செய்யப்பட்டது என்று பொருள். பி 172 என்றால் சிங்கப்பூர். தலை ஒன்றுதான், முத்திரையால் மதிப்பு மாறுகிறது. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரலில் லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. அதே ஆண்டு செப்டம்பரில், இந்தியத் தலைகள்மீதே கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சிட்டு ஒன்பது தலைகளை வெளியிட்டார்கள்.

ஜப்பானியர் காலத்தில், 1942இல், பினாங்கில் இருந்த தலைகள்மேல் ஒகுகாவா, உச்சிபோரி என்ற பெயர்களுள்ள சிறு முத்திரைகளைக் கையால் குத்தி விற்றார்கள். பிறகு 'டாய் நிப்பொன் 2602 பினாங்' என்று அச்சிட்டார்கள். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் 1942. கையால் குத்திய முத்திரைதானே, போலி செய்வது எளிது. நிறையச் செய்தும் விட்டார்கள். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் இவற்றை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

இனி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிறுவயதில் நாங்கள் அண்ணன் தம்பிகள் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து, அப்பாவின் கடிதங்களில் இருந்த தலைகளையெல்லாம் வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டினோம். ஊரிலிருந்து வந்த நீல நிற ஏரோகிராம்களையும் விடவில்லை. ஏரோகிராமில் தலை தனியாக ஒட்டப்படுவதில்லை, தாளிலேயே அச்சிட்டிருக்கும். அதற்குப் பின்பக்கம் கடிதம் எழுதியிருக்கும். அத்தை தன் மகளுக்கு என்ன பெயர் வைத்தார் என்று எழுதிய வரியில், பெயர் இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அப்பா கடிதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்களைத் திட்டவில்லை. பசையில் ஒட்டிய தலைகள் இரண்டு மழைக்காலத்தில் பழுப்பேறிப் போயின.

ஆகவே முதல் வேலை, வெட்டாமல் இருப்பது. உறையை முழுதாக வைத்தால் தலையும் இருக்கும். எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் புறப்பட்டது, நிபோங் தெபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ என்றைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லும் முத்திரைகளும் இருக்கும். தாத்தா எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில், எந்தக் கிராணியின் பார்வையில் கடிதம் பெற்றார் என்பதற்குச் சில குடும்பங்களில் வேறு எழுத்து ஆதாரமே கிடையாது.

அடுத்தது தண்ணீர். தலையை ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். இன்றைய சாதாரணத் தலைகள் பலவற்றுக்கு அது சரிதான். பழைய நீரிணைக் குடியேற்றத் தலைகள் பலவற்றை, குறிப்பாக ஊதாவையும் பச்சையையும், ஈரம் பட்டால் கரையும் மையில் அச்சிட்டார்கள். முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்துவாரைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. கழுவிய தலை வெளுத்துப்போய் ஒன்றுக்கும் உதவாது.

நம் நாட்டுக் காற்றின் ஈரம் இன்னொரு பகை. காகிதத்தில் துருப்போன்ற பழுப்புப் புள்ளிகள் விழுவது பூஞ்சையால். சமையலறைச் சுவரோரமும் தகரக் கூரைக்கு நேர் கீழும் வைக்காதீர்கள். ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மெத்தென்ற மலிவான பிளாஸ்டிக் உறையும் ஆகாது. வெள்ளைத் தாளில் தளர்வாக வைத்து, மாதம் ஒரு முறை காற்றோட்டமாகப் பிரித்துப் பாருங்கள், வெயிலில் அல்ல. தலையைத் தொட வேண்டுமானால் இடுக்கியால் தொடுங்கள். ஓரத்துப் பல் ஒன்று ஒடிந்தாலும் வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறோம். ஊரிலிருந்து வந்த கடிதம்தான் நம்மிடம் இருக்கிறது. இங்கிருந்து நம்மவர் எழுதியது அங்கே இருக்கிறது. போர் முடிந்து 1945 அக்டோபரில் இங்கே 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சிட்ட தலைகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஏராளமாகக் கிடைப்பவை, சந்தையில் அதிக விலை பெறாதவை. ஆனால் நான்கு ஆண்டுகள் தொடர்பற்றிருந்த பிறகு, சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் யார் திரும்பினார் என்று எழுதிப் போட்ட கடிதங்களின்மேல் ஒட்டியிருந்தவை அவைதாம். பெரியப்பா வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால், உறையோடு கேட்டு வாங்கி வாருங்கள். கத்தரிக்கோலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.