நிற்கக் கற்ற இயந்திரம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பிள்ளைகள் கணினிக்கு முன்னால் இருந்து மண் கிண்டுகிறார்கள்" என்று எங்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சுண்டு. அது பொய்யன்று. கிண்டியதில் எதனைக் கண்டோம் என்பதைச் சொல்லவே இன்று இம்மேடைக்கு வந்தோம்.

மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் உலகம் முழுவதும் கட்டிகளால் ஆனது. மண் ஒரு கட்டி; கல் ஒரு கட்டி; நிலக்கரியும் இரும்பும் அவ்வாறே. 2011ஆம் ஆண்டில் முழு வடிவில் வெளிவந்த இவ்விளையாட்டோடு, பிறர் இயற்றிய இணைப்புகளையும் சேர்த்துக் கொள்ளலாம். அவற்றை 'மொட்' என்பர். கொம்பியூட்டர்கிராஃப்ட் என்ற மொட் 'ஆமை' என்னும் இயந்திரம் ஒன்றைத் தருகிறது. தானாக அது ஓர் அடியும் நகராது. லூவா என்ற நிரல்மொழியில் நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். லூவா விளையாட்டுக்கென்றே பிறந்த மொழியன்று. 1993இல் பிரேசில் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவாகிப் பல தொழில்களிலும் வழங்கி வருவது.

முதலில் நீளம் எட்டு, அகலம் எட்டாகக் குழி ஒன்று தோண்டப் பணித்தோம். ஒரு தட்டுக்கு 64 நகர்வு. பதினைந்து தட்டுக்கு 960. நிலக்கரித் துண்டு ஒன்று 80 நகர்வுக்குப் போதும். ஆகவே 12 துண்டு எனத் தாளிலே கணக்கிட்டு, சரியாகப் பன்னிரண்டையே இட்டோம். ஆமை அடித்தட்டில் நின்றுவிட்டது! இறங்குவதற்குக் கணக்குப் பார்த்த நாங்கள் ஏறி வருவதற்குப் பார்க்கவில்லை. கல்லூரியில் கணிதத்துக்குப் பரிசு வாங்கியவரும் எங்களுள் இருந்தார் என்பதை வெட்கத்தோடு கூறுகிறோம்.

இரண்டாம் பிழை பெரிது. அதே விளையாட்டுலகில் எங்கள் தம்பி தங்கையர் கந்தளாய்க் குளத்தை ஒரு மாதமாகக் கட்டி வந்தார்கள். ஓர் இரவு, 8 என்று எழுத வேண்டிய இடத்தில் 18 என்று எழுதிவிட்டு, எரிபொருளையும் தாராளமாக இட்டு, கணினியை அணைக்காமல் உறங்கச் சென்றோம். விடிந்து பார்த்தால் குளக்கட்டு வெட்டுண்டு, தண்ணீர் குழிக்குள் இறங்கிக் கொண்டிருந்தது. சிறுவர்கள் அழுதார்கள். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "எண்பத்தாறில் உண்மையான கட்டு உடைந்ததடா தம்பி" என்று மட்டும் சொன்னார். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையில் உடைந்த அக்கட்டு நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன்பின் எங்களுக்கு விளையாட்டு விளையாட்டாகத் தோன்றவில்லை.

இயந்திரத்தைக் குறை சொல்ல இடமில்லை. சொன்னதை அது செய்தது. எங்கே நிற்க வேண்டுமென்று நாங்கள்தான் சொல்லவில்லை. ஆகவே நிரலைத் திருத்தி எழுதினோம். ஒவ்வோர் அடிக்கும் முன், எஞ்சிய எரிபொருள் திரும்பி வரப் போதுமா என்று ஆமை பார்க்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன், எதிரேயுள்ள கட்டியின் பெயரைக் கேட்கும். குளக்கட்டின் செங்கல்லானால் நின்றுவிடும். தோண்டுவதற்கு எழுதிய வரிகளிலும் நிற்பதற்கு எழுதிய வரிகளே அதிகமாயின.

சபையோரே! இது எங்கள் மாவட்டத்துக்குப் புறம்பான கதையன்று. வடக்கே புல்மோட்டையில் கனிம மணல் எடுப்பதற்கென 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அம்மணலிலுள்ள இல்மனைற்றைக் காந்தம் இழுத்துக் கொள்ளும். மின்னைக் கடத்தும் உரூத்தைலையும், கடத்தாத சிர்க்கனையும் மின்விசையால் வேறு பிரிப்பர். மணிமணியாகத் தெரிந்தெடுக்க அவ்வியந்திரங்கள் அறியும். இவ்வளவோடு போதும் என்பதை அவை அறியுமா? கரைவலை இழுக்கும் இடம் எது, கடல் ஏறும் இடம் எது என்று அறியுமா? அவற்றை மனிதர்தாம் சொல்ல வேண்டும். நாங்கள் வெட்டிய குளத்தை முன்பு எடுத்து வைத்த பிரதியிலிருந்து ஒரு நொடியில் மீட்டுவிட்டோம். புல்மோட்டைக் கரைக்கு அப்படியொரு பிரதி இல்லை.

எங்கள் விண்ணப்பம் ஒன்றே. வாசிகசாலைக் கணினியில் வாரம் ஒரு மாலை நிரல் எழுதும் வகுப்பு நடத்த அனுமதி தாருங்கள்; பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். பெரியோர்களே, நீங்களும் வந்து பக்கத்தில் இருங்கள். கட்டளை எழுத நாங்கள் கற்றுக் கொள்வோம். கட்டு எங்கே இருக்கிறது என்று சொல்ல நீங்கள் வேண்டும்.