கடற்கரைக்குக் காவல்: நிற்கும் பீரங்கியா, நகரும் பீரங்கியா?



ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் குடும்பங்கள் பலவும் பிள்ளைகுட்டிகளோடு மோரிப் கடற்கரைக்குப் போவதுண்டு. கடல் வற்றும் நேரத்தில் அங்கே மணலைவிடச் சேறுதான் அதிகம் தெரியும். 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, அந்தச் சேற்றில்தான் கரையேறிய இந்தியப் படைப்பிரிவுகளின் வாகனங்கள் புதைந்து நின்றன. ஜப்பான் அதற்குள் சரணடைந்துவிட்டது. எதிர்த்துச் சுட ஆளில்லை. கரையில் நாலு பீரங்கிகள் மட்டும் காத்திருந்தால்? எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் அந்தச் சேற்றோடு போயிருப்பார்கள்! யோசித்துப் பாருங்கள்.

கடற்கரைக் காவல் என்றதும் பலருக்கும் கோட்டைதான் ஞாபகம் வரும். கோல சிலாங்கூரில் மெலாவாத்தி குன்றின்மேல் கடலைப் பார்த்தபடி பழைய பீரங்கிகள் இன்றும் இருக்கின்றன. 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் திருப்பி எடுத்துக்கொண்டார். கோட்டை நகராது. எங்கே இருக்கிறது என்பது எதிரிக்கும் தெரியும்.

தமிழில் கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்கிறோமே, அந்தச் சொல்லும் கடலிலிருந்து வந்ததுதான். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் கப்பல் தப்பிவிட்டது. அடுத்த மாதம் 28ஆம் தேதி அதே கப்பல் பினாங்கிற்குள் நுழைந்து ‘ஷெம்சுக்’ என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது.

சிங்கப்பூர் கதை எல்லாருக்கும் தெரியும். 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்து, கடல்வழி வரும் கப்பல்களுக்காகக் காத்திருந்தன. ஜப்பானியரோ வடக்கே தரைவழி வந்தார்கள். பீரங்கிகளைத் திருப்பவே முடியவில்லை என்று சொல்வது முழு உண்மையல்ல. சில திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கும் குண்டுகள். காலாட்படைமேல் அவை அதிகம் பயன்படவில்லை. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது.

அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, ஜனவரித் தொடக்கத்தில், கோல சிலாங்கூரில் வேறொன்று நடந்தது. படகுகளில் வந்து இறங்கப் பார்த்த ஜப்பானியரைப் பீரங்கிகள் விரட்டியடித்தன. கோட்டைப் பீரங்கிகள் அல்ல. வண்டியில் கட்டி இழுத்துவந்த களப் பீரங்கிகள்! தேவைப்பட்ட இடத்துக்குத் தேவைப்பட்ட நேரத்தில் வந்து நின்றவை. ஆனால் கரை நீளமானது. வடக்கே வேறு இடங்களில் இறங்கியவர்கள் தரைவழியே வந்துசேர்ந்தார்கள். ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் அவர்கள் கையில்.

இழுத்துவரும் பீரங்கியைவிடத் தானே ஓடும் பீரங்கி ஒரு படி மேல். ரஷ்யாவின் ‘பெரெக்’ இதற்கென்றே செய்யப்பட்டது. எட்டுச் சக்கர வாகனம். மேலே 130 மில்லிமீட்டர் பீரங்கி. 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கப்பலையும் எட்டும். சுடும், உடனே கிளம்பிவிடும். எதிரி ரேடாரில் கணக்குப் போட்டுத் திருப்பிச் சுடும்போது அந்த இடத்தில் வெறும் டயர்த் தடம்தான் இருக்கும். 2022இல் உக்ரேன், கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பாம்புத் தீவை இப்படி நகரும் பீரங்கிகளாலும் ஏவுகணைகளாலும் ஓயாமல் தாக்கியது. ஜூன் 30ஆம் தேதி ரஷ்யப் படை தீவைவிட்டு வெளியேறியது. அதே ஆண்டு பிலிப்பைன்ஸ், லாரியிலிருந்து ஏவும் பிரமோஸ் ஏவுகணைகளை இந்தியாவிடம் வாங்க ஒப்பந்தம் போட்டது.

அப்படியானால் நிற்கும் பீரங்கி வீணா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1940 ஏப்ரல் 9ஆம் தேதி நார்வேயின் ஓஸ்கார்ஸ்போர்க் கோட்டையில், 19ஆம் நூற்றாண்டில் செய்த கிழட்டுப் பீரங்கிகள் ‘புளூஷர்’ என்ற புத்தம் புதிய ஜெர்மன் கப்பலைச் சாய்த்தன. கோட்டையின் டார்பிடோக்கள் வேலையை முடித்தன. குறுகிய நீர்வழி, கப்பல் வந்தே தீரவேண்டிய வாசல். அங்கே கோட்டை போதும். 4,600 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மலேசியாவில் வாசல் ஒன்றா, இரண்டா?

ஆனால் வண்டி வாங்கினால் மட்டும் போதாது. பெரெக் ஒன்றின் எடை 40 டன்னுக்கும் மேல். சதுப்பும் கண்டல் காடும் நிறைந்த சிலாங்கூர் கரையில் அதைத் தாங்கும் சாலை வேண்டும், பாலம் வேண்டும். கடலில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ரேடார் கண்ணும் வேண்டும். கண்ணில்லாத பீரங்கிக்குக் கால் இருந்து என்ன பயன்?

இதெல்லாம் ராணுவத்தார் கவலை, தோட்டத்து மக்களுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1942இல் கரையும் காவலும் போனபின் விலை கொடுத்தவர்கள் யார்? பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். எந்தப் பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

காவல் தவறினால் தண்டனை காவல்காரனோடு நிற்பதில்லை. வீட்டில் இருப்பவனையும் தேடி வரும். அடுத்த ஞாயிறு மோரிப்பில் பிள்ளைகள் சேற்றில் நண்டு பிடிக்கும்போது, பெரியவர்கள் இதையும் அவர்களுக்குச் சொல்லட்டும்.