கைப்பேசி காட்டும் இடமும் கால் நிற்கும் இடமும்

(குலசேகரத்தில் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஓக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரப்பரும் வாழையும் ஏராளமாகச் சாய்ந்தன. சாய்ந்த மரம் யாருடைய நிலத்தில் நின்றது என்பதைப் படத்தோடும் இடக்குறிப்போடும் அன்றைக்கே பதிந்து வைக்க ஒரு வழி வேண்டும் என்று எண்ணி, நாங்கள் சிலர் ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்க முற்பட்டோம். அதைச் சோதித்தபோது நேர்ந்த தவறுகளையே இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

செயலியைச் சோதிக்க ஒவ்வொரு தோட்டத்துக்கும் நடக்க இயலாது. ஆகவே அறையில் இருந்தபடியே கைப்பேசிக்கு ஒரு பொய் இடத்தைக் கொடுத்து, அது திற்பரப்பில் நிற்பதாகவோ பேச்சிப்பாறையில் நிற்பதாகவோ நம்பச் செய்வார்கள். தொழில் அறிந்தோர் இதனை ‘மாக் லொகேஷன்’ என்பர். நாம் ‘போலி இடம்’ என்போம். ஏமாற்றுவோரும் இதே வழியைத்தான் கையாளுகிறார்கள் என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னர் வருவோம்.

முதல் நாள் செயலி நம் ஊரைக் கடலில் கொண்டுபோய் வைத்தது. குலசேகரம் ஏறத்தாழ வட அட்சம் 8.37, கிழக்குத் தீர்க்கம் 77.30 பாகையில் இருக்கிறது. எண்களை முன்பின்னாக எழுதிவிட்டோம். நார்வேக்கும் வடக்கே, உறைபனிக் கடலில் ரப்பர் மரம் முளைத்தது! சிரிப்புக்கிடமான தவறு உடனே தெரிந்துவிடும். தெரியாத தவறுகளே அபாயமானவை.

அடுத்து, இடம் நிலைகொள்ளவில்லை. திற்பரப்பைக் காட்டும், மறுகணம் நாங்கள் உட்கார்ந்திருந்த அறையைக் காட்டும். காரணம் தேட இரண்டு நாள் ஆயிற்று. ஆண்ட்ராய்டு கைப்பேசி செயற்கைக்கோளை மட்டும் நம்புவதில்லை. அருகிலுள்ள வைஃபை, கைப்பேசிக் கோபுரம் ஆகியவற்றின் செய்தியையும் கலந்து ஒரே விடையாகத் தருகிறது. நாங்கள் செயற்கைக்கோள் வழிக்கு மட்டும் பொய் சொன்னோம். மற்றவை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. கலந்து தரும் அந்த வழிக்கே போலி இடத்தைக் கொடுத்த பின்னர்தான் சோதனை நிலைத்தது. நேரமும் துல்லியமும் குறிக்காமல் கொடுத்த இடத்தைக் கைப்பேசி ஏற்க மறுப்பதையும் அப்போதுதான் கண்டோம்.

இவ்வளவும் சரியானபின் தோட்டத்துக்குப் போனோம். அங்கேதான் உண்மையான பாடம் காத்திருந்தது. ஐம்பது சென்ட் நிலத்தைச் சதுரமாக எண்ணினால் ஒரு பக்கம் சுமார் 45 மீட்டர். நடுவில் நிற்கும் மரத்தின் இடக்குறிப்பு 30 மீட்டர் பிசகினால் அது பக்கத்துக்காரர் மரமாகிவிடும். அறையில் நாங்கள் கொடுத்த போலி இடம் எப்போதும் ஐந்து மீட்டர் துல்லியம் கொண்டது; நாங்கள்தானே கொடுத்தோம்! தழைத்த ரப்பர் மரத்தடியிலோ, மலை மறைத்த சரிவிலோ கைப்பேசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. புயல் வீழ்த்திய இடத்தில் வானம் திறந்துவிடுமே என்று கேட்பீர்கள். தோப்பே சாய்ந்தவருக்குத் திறக்கும். இரண்டு மரம் இழந்தவருக்குத் திறக்காது.

திரும்பி வந்து, வேண்டுமென்றே 40 மீட்டர் பிசகுள்ள போலி இடத்தைக் கொடுத்துப் பார்த்தோம். செயலி தயங்காமல் ஏற்றுக்கொண்டது. இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இப்போது அத்தகைய பதிவைச் செயலி தள்ளுவதுமில்லை, முழுதாக நம்புவதுமில்லை. பிசகின் அளவைப் படத்தோடு எழுதி, ‘நேரில் பார்க்க வேண்டியது’ என்று ஒதுக்கிவைக்கிறது.

இனி ஏமாற்று விஷயம். போலி இடம் வந்தால் கைப்பேசியே அதற்கு அடையாளமிட்டுச் செயலிக்குச் சொல்லும். அடையாளமிட்டதைத் தடுக்கும் காவலை அமைத்தோம். அது எங்கள் சோதனைகளையே தடுத்தது. ஒருவர் காவலைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார். அப்படியே ஊருக்குக் கொடுத்துவிட இருந்தோம்! பிறகு சோதனைக்கு ஒரு பிரதி, மக்களுக்கு ஒரு பிரதி என்று பிரித்தோம். காவலும் முழுமையானதன்று, உள்ளமைப்பைத் திறந்து மாற்றிய கைப்பேசியில் அந்த அடையாளத்தை மறைக்க வழியுண்டு. ஆகையால் பக்கத்து நிலத்துக்காரரின் சாட்சியமும் கிராம நிர்வாக அலுவலரின் நேரடிப் பார்வையும் வேண்டாமென்று நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

குற்றமற்றவர் கைப்பேசியிலும் ‘போலி இடம்’ என்ற எச்சரிக்கை வரலாம். பிள்ளைகள் விளையாட்டுக்காக அத்தகைய செயலியை ஏற்றி இயக்கியிருப்பார்கள். அமைப்புகளில் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்ற பகுதியில் போலி இடத்துக்கான செயலி ஏதேனும் தேர்ந்திருந்தால் அதை நீக்கிவிட்டு, கைப்பேசியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். பஞ்சாயத்து உறுப்பினர்கள் அந்த எச்சரிக்கையைக் கண்டதும் விவசாயியைப் பொய்யர் என்று எழுதிவிடாமல் முதலில் இதைப் பார்க்கவேண்டும். கைப்பேசி கொண்டுவந்திருப்போர் முன்னே வாருங்கள், இப்போதே பார்த்துவிடுவோம்.